மாடி ரூமுக்கு வந்த வேலை

1

புதன்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் கூட்டம் உண்டு. இந்த ஜெர்மன் சிற்றூரில் பதினோரு வருடமாக அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். ஒரு நாளும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. போன மாதம் வந்தது.

என் மேலாளர் காத்ரின் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் நிறுவனம் பணம் கொடுத்து ஆதரிக்க நினைத்த ‘வண்டி வருது’ என்ற, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை யார் யார், எந்தெந்த நேரத்தில் எழுதுகிறார்கள் என்பதற்கான கோடுகள். எல்லாருடைய கோடும் இரவில் படுத்துக்கொண்டது. ஒரே ஒரு கோடு படுக்கவே இல்லை. விடியற்காலை, மத்தியானம், நடுராத்திரி, ஞாயிறு, பொங்கல், கிறிஸ்துமஸ், எல்லா நேரமும் ஏறிக்கொண்டே இருந்தது.

“இப்படி ஒரு உழைப்பாளியை நான் பார்த்ததில்லை. யார் இந்த மாடி ரூம்?” என்று கேட்டார் காத்ரின்.

வாயில் இருந்த காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது.

“தெரிந்தவரா?”

“தெரியும். என் தம்பி வீட்டு மாடி” என்றேன்.

சிரித்தது நான் ஒருத்திதான். மாடி என்றால் மேல்தளம், ரூம் என்றால் ரூமேதான், அதில் ஆறு ஆண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், மூன்று ஷிப்டிலும் வேலைக்குப் போகிறார்கள், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு லேப்டாப், ஒரு பாஸ்வேர்ட் என்று விளக்கினேன். காத்ரினின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

“மனிதவளத் துறை இன்று காலையே வேலைக் கடிதம் அனுப்பிவிட்டதே” என்றார்.

‘மதிப்பிற்குரிய திருமதி ரூம் அவர்களுக்கு’ என்று தொடங்கியது அந்தக் கடிதம்.

என்னை ஏன் முன்பே கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்த மென்பொருளில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். பங்குள்ளவரிடம் ஆய்வின்போது எதுவும் கேட்கக் கூடாது என்பது இங்கே விதி. இந்த ஊரில் விதி என்றால் விதிதான். உண்மை தெரிந்த ஒரே ஆளை முறைப்படி வெளியே உட்கார வைத்துவிட்டு, ஓர் அறைக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

2

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக இருந்தபோது நான் எழுதியது ‘வண்டி வருது’. கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று தெரியாமல் இருங்காட்டுக்கோட்டை ரோட்டோரம் மழையில் நின்ற கடுப்பில் எழுதியது. பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர் போனில் ஒரு பொத்தானைத் தட்டுவார். அடுத்தடுத்த நிறுத்தங்களில் இருப்பவர்களுக்கு வண்டி எங்கே என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

தட்டியவர் பெயர் எங்கேயும் பதிவாகாது. பெயர் இருந்தால் யார் ஏறினார், யார் வண்டியைக் கோட்டை விட்டார் என்பது சூப்பர்வைசருக்குப் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. பெயர் கேட்டால் ஒருவரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து போட்டேன். விசா வந்தது, கிளம்பிவிட்டேன். அதோடு அது செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் தம்பி அந்தோணியின் மாடியில் குடியிருந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வருகிறவர் லேப்டாப்பைத் திறப்பார். அடுத்த ஷிப்டுக்குக் கிளம்புகிறவர் எங்கே விட்டோம் என்று சொல்லிவிட்டுப் போவார். ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள், புது ஆட்கள் வந்தார்கள், பாஸ்வேர்ட் மாறவில்லை. பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு பெண்கள் விடுதியும் சேர்ந்துகொண்டது. இன்று உள்ளே இருப்பதில் பாதி அந்தப் பெண்கள் எழுதியது. என்னுடையது என்று சொல்ல நாலு வரி தேறினால் அதிகம்.

அவர்கள் வைத்திருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யார் எந்த மாற்றம் எழுதி அனுப்பினாலும் உடனே சேர்க்க மாட்டார்கள். தூங்குகிறவரைக் கேட்காமல் ரூமில் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு அப்படியே மென்பொருளுக்கும் வந்துவிட்டது. கீழே ‘ஏ பாத்தாச்சு’ என்று ஒருவர் எழுத வேண்டும். பிறகு பி ஷிப்டில் ஒருவர், சி ஷிப்டில் ஒருவர். மூன்றும் விழுந்த பிறகே சேர்ப்பார்கள். சேர்க்கும் உரிமைக்கு அவர்கள் வைத்த பெயர் சாவி. அது மூன்று பேரிடம் இருந்தது: மாடி ரூம், விடுதி, நான்.

என் சாவியை நான் பயன்படுத்தியது அபூர்வம். ஆனாலும் காலையில் ரயிலில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன். இந்த ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்ல இன்னும் ஒருவரும் கற்றுக்கொள்ளவில்லை. அங்கே நான் ஜெசிக்கா. நானும் அந்தப் பஸ்ஸுக்கு நிற்கிறவள்தான் என்ற நினைப்பு அந்தச் சாவியில் இருந்தது. சிறுபிள்ளைத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

3

கூட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் அந்தோணி போன் செய்துவிட்டான். கீழே மளிகைக் கடை வைத்திருக்கிறான். மாடி வாடகை அவனுக்கு உபரி வருமானம்.

“அக்கா, இன்னா நடக்குது அங்க? மாடி ரூமுக்கு வேலை போட்டுக் குடுத்துக்கீறாங்களாமே. அப்ப வூட்டுக்காரன் எனக்கு இன்னா போஸ்ட்டு?”

“வாட்ச்மேன். போனை பேச்சிமுத்துகிட்ட குடுடா.”

பேச்சிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். மாடி ரூமில் அதிக வருடம் இருப்பவன் அவன்தான். சர்வர் விழுந்தால் எழுப்பிவிடுகிறவனும் அவன்தான். இப்போது ஓசூரிலும் கோயம்புத்தூரிலும், எங்கேயோ போலந்தில் ஒரு தொழிற்சாலை ஊரிலும்கூட இதைப் பயன்படுத்துகிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாகத் திறந்தால் எங்கள் சின்ன சர்வர் மூச்சுத் திணறி விழுந்துவிடும்.

“அக்கா, பொய்யி மெயிலுன்னு நெனச்சு அழிக்கப் பாத்தோம். அடியில உங்க கம்பெனி பேரு இருந்துச்சு, அதான் விட்டு வெச்சோம்.”

“உண்மைதான் பேச்சி. ஆள் ஒருத்தர்னு நெனச்சுட்டாங்க. வேலை உண்மை. ஆனா ஒருத்தருக்குத்தான்.”

பின்னால் குக்கர் விசிலடித்தது.

“எனக்கு இந்த மாசத்தோட கான்ட்ராக்ட்டு முடியிதுக்கா. நீட்டிக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ. ஊருக்குப் போயிருவோமான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” குக்கரை அணைத்துவிட்டுச் சொன்னான்: “ஆனா ஆறு பேரு எழுதுனதுக்கு நான் ஒருத்தன் சம்பளம் வாங்கிட்டு மத்தவனுவ மூஞ்சில எப்படிக்கா முழிக்க?”

பின்னாலிருந்து யாரோ, “எங்க மூஞ்சில நீ காலையில முழிக்கிறதே பெருசு, பேசாம வேலைய வாங்கிக்கல” என்றான். ரூமே சிரித்தது. பேச்சிமுத்து சிரிக்கவில்லை.

4

எங்கள் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது பேராசை இல்லை. நல்ல சர்வரும், முழுநேரமாக ஒருவருக்குச் சம்பளமும் தருகிறோம் என்றார்கள். பதிலுக்கு ஒரே ஒரு சாவி. மூன்று சாவி நான்காகும், அவ்வளவுதான். செலவழிக்கும் பணத்துக்கு முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலியாவது இருக்க வேண்டும் என்று சட்டப் பிரிவு சொல்கிறதாம். நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

காத்ரினிடம் நேராகவே கேட்டேன். “தொழிற்சாலைகள்தான் நம் வாடிக்கையாளர்கள். யார் பஸ்ஸில் ஏறினார் என்ற பெயர் விவரம் வேண்டும் என்று அவர்கள் கேட்டால்?”

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இதுவரை கேட்கவில்லை. கேட்கவே மாட்டார்கள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.”

இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். பொய் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

அன்று சாயங்காலம் மகள் ஷாரனின் ஹேண்ட்பால் போட்டி. அவள் அணிச் சட்டையின் முதுகில் எங்கள் தெரு பேக்கரியின் பெயர் இருக்கிறது. காரில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதற்கு மேல் எங்களுக்குள் ஒப்பந்தம் இல்லை. மாடி ரூமில் இருப்பவர்கள் எல்லாரும் மாமா முறை என்று இத்தனை நாள் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இல்லை, வாடகைக்காரர்கள் என்றேன். “அப்புறம் ஏன் தினமும் அவர்களைப் பற்றிப் பேசுகிறாய்?” என்றாள். வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

“பேக்கரிக்காரர் சட்டை வாங்கித் தருகிறார். யார் விளையாடுவது என்று கோச் முடிவு செய்கிறார். இதில் என்ன கஷ்டம்?” என்றாள்.

கஷ்டம் எனக்குத் தெரிந்தது. அவர்கள் அணிக்கு இந்த வருடம் பேக்கரிக்காரர் மகள்தான் கோல் காக்கிறாள். நன்றாகவே பிடிக்கிறாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் நாலு பந்தை விட்ட அன்றும் மாற்று ஆளை இறக்கலாம் என்று ஒரு பெற்றோரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். சட்டை நன்றாக இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூடினோம். மாடி ரூமில் நான்கு பேர் தெரிந்தார்கள். ஒருவன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான், ஒருவன் ஓவர்டைம் போயிருந்தான். விடுதியிலிருந்து ரேவதி வந்திருந்தாள். போன் தொழிற்சாலையில் லைனில் நிற்கும் பெண். சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

வேலை பேச்சிமுத்துவுக்கு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அவன் ஒருவனுக்குத்தான் மறுப்பு. அவனை எல்லாரும் திட்டி ஒத்துக்கொள்ள வைத்தார்கள். பிறகு சாவிக்கு வந்தோம்.

“அக்கா, நாளைக்குப் பேர் வேணும்னு கம்பெனி சொன்னா, சம்பளம் வாங்கற அண்ணன் முடியாதுன்னு சொல்ல முடியுமா?” என்று ரேவதி கேட்டாள்.

“கஷ்டந்தான்” என்றான் பேச்சிமுத்துவே.

“அப்போ இப்படி வெச்சுக்கலாம். கம்பெனி சம்பளம் வாங்கறவங்க எழுதலாம், பேசலாம், சண்டையும் போடலாம். சாவி மட்டும் வெச்சுக்கக் கூடாது. அண்ணன் வேலையில சேர்ந்தா தன் பேர்லயே எழுதட்டும். மாடி ரூம் பாஸ்வேர்டை மத்த அஞ்சு பேரும் மாத்திக்கணும்.”

ஒரே பாயில் படுக்கிறவனிடம் பாஸ்வேர்டை மறைக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. பேச்சிமுத்து தலையைச் சொறிந்துவிட்டு, “சரிதான். நான் பாக்காத நேரமா மாத்துங்கல” என்றான்.

அப்புறம் ரேவதி கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்தாள். ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பதினோரு வருடமாக அதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள் நான்தானே.

பேச்சிமுத்துதான் முதலில் பேசினான். “அக்கா கணக்குல வராது. அக்கா தொடங்கினதுலா. அவியளுக்கு மட்டும் விலக்குன்னு எழுதிருவோம்.”

“ஆமா ஆமா, அக்காவுக்கு இல்ல” என்றார்கள் எல்லாரும். ரேவதியும் சொன்னாள், கொஞ்சம் தாமதமாக.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. அன்றைக்கே அந்த முடிவின் கீழே ‘ஏ பாத்தாச்சு’, ‘பி பாத்தாச்சு’ விழுந்துவிட்டன. சி ஷிப்ட் ஆட்கள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

6

மறுநாள் காத்ரினிடம் சொன்னேன். சம்பளக்காரருக்குச் சாவி இல்லை என்றதும் அவர் நெற்றி சுருங்கியது. எனக்கு மட்டும் விலக்கு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்படியானால் தீர்ந்தது. எங்கள் சாவிதான் உங்களிடம் இருக்கிறதே. சட்டப் பிரிவுக்கு இதுவே போதும்.”

எந்தத் தந்திரமும் இல்லாமல், பாரம் இறங்கிய நிம்மதியில் சொன்ன வார்த்தை. எங்கள் சாவி. என் சாவி என்று நான் கட்டிக்கொண்டிருந்தது அவர் கணக்கில் எப்போதோ கம்பெனியின் சாவி ஆகிவிட்டிருந்தது. அவர் கணக்கில் தவறும் இல்லை.

பெயர் வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். சத்தியமாக மறுப்பேன். ஆனால் எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, படிக்கிற மகள் இருக்கிறாள். எத்தனை தடவை மறுப்பேன்?

என் சாவியை விட்டுக்கொடுத்துவிட்டால் சட்டப் பிரிவு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் பேச்சிமுத்துவின் வேலை போய்விடும். அவன் பிழைப்பைப் பணயம் வைத்து நான் நல்லவள் ஆவதா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. மதிய இடைவேளையில் அவனுக்கே போன் போட்டேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தை முழுதாகச் சொன்னேன்.

“வேல கெடச்சிட்டுன்னு அம்மாட்ட சொல்லிட்டேனேக்கா” என்றான்.

எடுத்த துணியை மடித்துப் போட்டுவிட்டு அவனே பேசினான். “நீங்க பேரைச் சேக்க மாட்டிய, அது தெரியும். உங்க சீட்டுல நாளைக்கு வேற ஆளு உக்காந்தா? அக்காவுக்குக் குடுத்தீய, எனக்கும் குடுங்கன்னு கேப்பாவ. அப்ப நாங்க என்ன சொல்ல?”

“வேலை போனா என்னடா பண்ணுவ?”

“தேடணும். வேற என்ன. நீங்க உங்க பேர அதுலருந்து எடுத்துருங்க. எனக்காவ வெச்சுருக்காதிய. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சீக்கிரம் எடுத்துருங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள.”

சி ஷிப்ட் பார்ப்பதற்கு முன், அந்த முடிவின் அடியில் ‘யாருக்கும் விலக்கு வேண்டாம், எனக்கும் சேர்த்து’ என்று எழுதினேன். சாவி வைத்திருப்போர் பக்கத்தைத் திறந்து என் பெயருக்கு எதிரே இருந்த ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றேன். இனி திருப்பிச் சேர்ப்பதானாலும் அவர்கள்தான் சேர்க்க வேண்டும்.

காத்ரினுக்குக் கோபம் வந்தது. “என் வேலையைக் கஷ்டமாக்குவதில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?” என்றார். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் அவர் சட்டப் பிரிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இதற்கிடையில் பேச்சிமுத்துவின் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. அந்தோணியின் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அந்தோணி வாடகையைப் பற்றிப் பேசவில்லையாம். “அவனா வாயத் தொறக்காம கீறான், நான் எங்க கேக்கறது” என்றான் என்னிடம்.

கடைசியில் ஒப்புதல் வந்தது, ஒரு வருடத்துக்கு. நாற்காலி இல்லை, சாவி இல்லை, நன்கொடைக் கணக்கில். அடுத்த வருடம் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்; யாருக்குத் தெரியும். இந்த முறை கடிதம் திரு. பேச்சிமுத்து என்ற பெயருக்கே போனது. அவன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினானாம். ஜெர்மன் மொழியில் இருந்த பகுதியையும் விடவில்லையாம்.

7

நேற்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வெயிலில் பஸ் குறியின் நிறம் போனில் சரியாகத் தெரியவில்லை என்று அந்தோணி சொன்னான். நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி எழுதி அனுப்பினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, சேர்க்கும் உரிமை இல்லாத ஓர் ஆளாக அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஏ பார்த்தாயிற்று. பி பார்த்தாயிற்று. அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல் அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தேன்.

மாலையில் மாடி ரூமிலிருந்து ஒரு வரி வந்தது. புதிதாகக் குடிவந்தவனாக இருக்க வேண்டும்.

‘வணக்கம். புதுசா எழுதறீங்க போல. எந்த ரூம்னு போடல. ரூம் பேர் போடுங்க.’

அது என் அப்பா கட்டின மாடி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ‘தம்பி, நீ படுத்திருக்கிற ரூமே’ என்று அடித்தேன். அழித்தேன். ‘பேச்சிமுத்துவைக் கேள்’ என்று அடித்தேன். அதையும் அழித்தேன். அவன் கேட்டதில் என்ன தவறு? எல்லாரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டான். அப்படிக் கேட்கட்டும் என்றுதானே எழுதிக் கொடுத்தேன்.

‘ரூம் இல்லை. வெளியூர்’ என்று எழுதினேன்.

என்னைப் பற்றி அந்த வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அனுப்பிவிட்டு, ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் கைக்குட்டைத் தாளை நீட்டினாள்.

ரயில் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘பரவால்லைங்க. வெளியூர்க்காரங்களும் எழுதலாம். சி பாத்தாச்சு.’